ஒரு தோல்வியின் ஓவியம்

வானொலியில் ஓவியத்தைக் காட்ட வழியில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை உடையில் ஒருவர் தரையில் சாய்ந்து கிடக்கிறார். அவரைக் குத்தத் துப்பாக்கி ஈட்டியை நீட்டுகிறான் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். சிவப்புக் கோட்டு அணிந்த இன்னொருவர் அந்தத் துப்பாக்கியைப் பிடித்துத் தடுக்கிறார். தடுப்பவரும் பிரிட்டிஷ்காரர்தான், மேஜர் ஜான் ஸ்மால். பின்னால் ஒரே புகை, சாய்ந்த கொடிகள்.

கிடப்பவர் ஜோசப் வாரன். பாஸ்டன் நகரத்து மருத்துவர், வயது 34. அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1775 ஜூன் 17 அன்று நடந்த பங்கர் ஹில் சண்டையில் இறந்தார். பெயர்தான் பங்கர் ஹில். சண்டை பெரும்பாலும் நடந்தது பக்கத்தில் இருக்கும் பிரீட்ஸ் குன்றில். வாரனை மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தலைமை ஏற்க மறுத்து, சாதாரண வீரராகத் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார். பிரிட்டிஷ் படை இரண்டு முறை ஏறிப் பின்வாங்கியது. மூன்றாம் முறை ஏறியபோது அமெரிக்கக் குடியேற்றக்காரர்களிடம் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. குன்று பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஆனால் அவர்கள் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்துக்கு மேல்.

வரைந்தவர் ஜான் டிரம்புல். சண்டையன்று அவரும் அமெரிக்கப் படையில்தான் இருந்தார். ஆனால் தண்ணீருக்கு அப்பால், ராக்ஸ்பரியில். தொலைநோக்கி வழியே அவருக்குத் தெரிந்தது புகையும் நெருப்பும். வாரனோ தலையில் குண்டு பட்டு அந்த இடத்திலேயே இறந்தவர். ஈட்டியைத் தடுக்கும் கை, ஓவியரின் கற்பனை.

எதிரிக்கு ஏன் இத்தனை பெருந்தன்மை? 1786இல் இதை அவர் வரைந்த இடம் லண்டன். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியரான பெஞ்சமின் வெஸ்டின் பட்டறை. 1780இல் இதே நகரத்தில்தான் ராஜத்துரோகச் சந்தேகத்தின் பேரில் டிரம்புலைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். படம் வரைந்தபோது, போரை முடித்த சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. படத்தைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்கும் திட்டமும் அவரிடம் இருந்தது. கடலின் இரு கரையிலும் விலை போக வேண்டும் என்றால் இரு தரப்பிலும் நல்லவர்கள் வேண்டுமே! ஸ்மாலின் மீது அவருக்கு உண்மையான மதிப்பு இருந்தது. ஆனாலும் வியாபாரக் கணக்கும் கூடவே ஓடியிருக்கும் என்பது என் ஊகம்.

யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள அந்தப் படம் ஏறக்குறைய இரண்டடி உயரம், மூன்றடி அகலம்தான். பார்க்கிறவர் கண் நேராக வாரனிடம் போய்விடும். நான் வலது ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே கையில் வாளோடு, காயம்பட்டுத் திரும்பிப் பார்க்கும் இளைஞர் லெப்டினன்ட் தாமஸ் குரோவ்னர். அவர் முதுகுக்குப் பின்னால், துப்பாக்கியோடு ஒரு கறுப்பினத்தவர். இந்தச் சண்டையில் பேர் வாங்கிய பீட்டர் சேலம்தான் அவர் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். குரோவ்னரின் அடிமையாக இருக்கலாம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். டிரம்புல் தாமே எழுதிய விளக்கத்தில் அவர் விசுவாசமுள்ள கறுப்பர், அவ்வளவுதான், பெயர் இல்லை.