ராத்திரி டூட்டி



உங்களை இப்போது திண்டிவனத்துக்கு அழைத்துப் போகிறேன். 1890களில் ஓர் இரவு. டாக்டர் ஜான் ஸ்கடர் வீட்டுக் கதவை மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுகிறார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. டாக்டரின் மகள் ஐடாவை வரச்சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. அப்பாவை அனுப்புகிறேன் என்கிறார். ஆண் தொடக்கூடாதாம்! திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த ஐடா அமெரிக்கா போய், கார்னெலில் படித்து, 1899இல் டாக்டரானார். திரும்பி வரும்போது கையில் 10,000 டாலர். கொடுத்தவர் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், காலமான மனைவியின் நினைவாக. நம் செட்டிநாட்டில் ஆத்தா பெயரில் பள்ளிக்கூடம் கட்டுவார்களே, அதே மனசுதான். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழுந்தது.

கட்டடம் சரி. ஆபரேஷன் முடிந்தவளுக்கு விடியவிடியக் கண்விழித்து நாடி பார்க்க ஆள்? 1909இல் டெலியா ஹாட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் அங்கே செவிலியர் பள்ளி தொடங்கினார். அடுத்தவர் மலமூத்திரம் அள்ளும் வேலைக்கு எங்கள் வீட்டுப் பெண்ணா என்று கேட்ட காலம் அது. அந்தக் கேள்வியை டாலர் கொடுத்து வாயடைக்க முடியவில்லை. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியம் பட்டப்படிப்பானது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் நம் நாட்டு நர்ஸுகள் டொராண்டோ வரை போய்ப் படித்து வந்தார்கள்; வந்து இங்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்த நன்கொடையில் எனக்குப் பிடித்தது இதுதான். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டு மிஞ்சும். ஆசிரியைக்குக் கொடுத்தால் அடுத்த ஆசிரியை மிஞ்சுவார்.

புதுக்கோட்டையில் பிறந்து 1912இல் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியும் மேற்படிப்புக்குக் கடல் கடந்து போனவர்தான். போன வழியே திரும்பி வந்தார்.

இன்று நம் பெண்கள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் நர்ஸாகப் பறக்கிறார்கள். போகட்டும். சம்பளம் ரியாலில் என்றதும் உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதே பெண் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தால், பெண் கேட்டு வருகிறவர் மெல்ல விசாரிக்கிறார்: "ராத்திரி டூட்டி உண்டா?"

உண்டு ஐயா. திண்டிவனத்தில் கதவைத் தட்டியதும் ராத்திரியில்தான்.