அடங்காமை: குணக்கேடா, மன இயல்பா?

பிள்ளை எதிர்த்துப் பேசினால், "அடங்காதவன்" என்று அன்று மாலையே நாம் தீர்ப்பளித்து விடுகிறோம். அந்தப் பெயரைச் சுமந்தே அவன் வளர்கிறான்.

தன் கையில் இருப்பதாக எண்ணிய உரிமை பறிபோகிறதென்று உணர்ந்தால், மனிதன் அதையே முன்னிலும் மிகுதியாக நாடுவான் என்று 1966-இல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் எழுதினார். இவ்வியல்பு நம் எல்லோரிடமும் உண்டு. சிலரிடம் அது சற்று ஓங்கி நிற்கிறது. கட்டளை நல்லதா என்று அவர்கள் பார்ப்பதில்லை, கட்டளை என்பதே போதும்.

மருத்துவர்களோ இதனைக் கோளாறு என்று எளிதில் கூறுவதில்லை. கோபம், வாக்குவாதம், வேண்டுமென்றே மீறுதல், வஞ்சம் போன்ற எட்டு அறிகுறிகளில் நான்கேனும் ஆறு மாதம் நீடிக்க வேண்டும். அண்ணன் தம்பி சண்டை மட்டுமெனில் (அது இல்லாத வீடு ஏது?) கணக்கில் வராது.

கோளாறு என்றே உறுதியானாலும், சிறுவர்களைப் பொறுத்தவரை பயிற்சி முதன்மையாகப் பெற்றோருக்கே அளிக்கப்படுகிறது. கடுமையான தண்டனையும், இன்று தடுத்து நாளை விட்டுவிடும் போக்கும் எதிர்ப்பை வளர்க்கின்றன. "உடனே படி" என்பதை விடுத்து, "மஃரிபுக்கு முன் படிக்கிறாயா, பின் படிக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். படிப்பதில் மாற்றமில்லை, நேரம் மட்டும் அவன் விருப்பம்.