குடியை விட்டாரின் நெஞ்சாங்குலை

(குடியினின்று மீண்டாரும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே அமர்ந்திருப்போருள் பலர் குடியை விட்டு ஓராண்டும் ஈராண்டும் ஆனவர்கள். சிலர் இக்கிழமைதான் விட்டவர்கள். குடிக்காதீர் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து அதைச் சொல்லிவிட்டார். குடியை விடும்போதும் விட்ட பின்பும் நெஞ்சாங்குலையைக் காத்துக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

என் அண்டை வீட்டில் தறி நெய்வார் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றே அவரை அழைப்பேன். இருபதாண்டுக் குடி. மகளுக்குத் திருமணம் உறுதியான அன்று, "இனித் தொடேன்" என்று சூளுரைத்தார். கடைப்பக்கம் போய்விடக் கூடாதே என்று வீட்டார் அவரை அறையில் இட்டுப் பூட்டினர். பூட்டச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். முதல் நாள் கை நடுங்கிற்று. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் உடல் கொதித்தது. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். நாடி எண்ண முடியாதபடி ஓடிற்று. மருத்துவமனை வாயிலை அடையுமுன் உயிர் பிரிந்தது. அச்சாவில் குடிக்குப் பங்குண்டு. எங்கள் அறியாமைக்கும் பங்குண்டு.

அன்று நடந்தது என்ன? சாராயத்திலுள்ள வெறியம் மூளையை அமர்த்தும் இயல்புடையது. நாள்தோறும் அமர்த்தப்படும் மூளை, அதற்கு ஈடாகத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. குடி திடுமென நின்றால் அமர்த்தும் பொருள் போய்விடும். முடுக்கம் மட்டும் எஞ்சி நிற்கும். குருதியழுத்தம் ஏறும், நெஞ்சாங்குலை தறிகெட்டு அடிக்கும். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும், முதலிரு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் அறிவுக் கலக்கமும் வரக்கூடும். ஆகவே, நாளும் பெருங்குடி குடித்தவர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே குடியை விடவேண்டும். அந்தச் சில நாள்களைக் கடத்திவிட நல்ல மருந்துகள் உள்ளன. மனவுறுதி ஒன்றே போதும் என்று எண்ணி எவரையும் பூட்டி வைக்காதீர்கள்.

அம்மருந்துகளோடு 'தையமின்' என்னும் ஊட்டப்பொருளையும் மருத்துவர் ஊசி வழியே ஏற்றுவார். நெடுநாள் குடித்தவர் உடலில் இது வற்றிப்போயிருக்கும். இது குறைந்தால் மூளை கெடும், நெஞ்சாங்குலை விரியும், கால் வீங்கும். 1890-களில் சாவகத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் ஆலந்து மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து நோயுறுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்று அவை தேறுவதையும் கண்டார். தவிட்டில் ஒளிந்திருந்தது இப்பொருளே. நெல்லைப் புழுக்கும்போது இது அரிசியின் உள்ளே சென்று தங்குகிறது. நம் முன்னோர் உண்ட புழுங்கலரிசியின் மேன்மை இது. புழுங்கலரிசியும் பயறும் நாளும் உண்ணுங்கள். ஆயினும், வற்றிப்போன உடலுக்குத் தொடக்கத்தில் ஊசியே வேண்டும்.

அடுத்து, நெஞ்சாங்குலையின் தசையைப் பற்றிக் கூறுகிறேன். பல்லாண்டுப் பெருங்குடியால் அத்தசை மெலிந்து, பை போல் தொய்ந்துவிடும். குருதியை உந்தித் தள்ளும் வலிமை குன்றும். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சுத்திணறல், மாலையில் கணுக்கால் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். "வளிக்கோளாறு" என்று இவற்றைத் தள்ளிவிடாதீர்கள். குடியை அறவே விட்டு, மருந்தையும் ஒழுங்காக உண்டால், பலருக்கு இத்தசை மீண்டும் வலிவு பெறுகிறது. சிலருக்கு முழுமையாகவே தேறுகிறது. ஆனால், நலமாயிற்று என்று தாமே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு.

நெஞ்சாங்குலையின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் ஒன்றுண்டு. 2020-இல் வெளிவந்த ஆத்திரேலிய ஆய்வொன்றில், இந்நோயுற்ற குடிப்பழக்கமுடையார் 140 பேரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் குடியை விடுமாறும், மற்றவர் வழக்கம்போல் இருக்குமாறும் விடப்பட்டனர். ஆறு திங்களில், வழக்கம்போல் குடித்தவர்களுள் நூற்றுக்கு 73 பேருக்கு அக்கோளாறு மீண்டும் வந்தது. விட்ட கூற்றாருள் 53 பேருக்கே வந்தது. விட்டதன் பயன் ஆறே திங்களில் தெரிந்தது என்பதைக் கருதிப் பாருங்கள்!

இனி, உங்களுள் பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்வேன். குவளையைக் கீழே வைத்த கை பீடியை எடுக்கிறது. "குடியைத்தான் விட்டுவிட்டேனே, இதுவாவது இருக்கட்டும்" என்கிறீர்கள். புகை, நெஞ்சாங்குலைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களை அடைக்கும். புகையை விட்டு ஓராண்டு ஆனால், புகையால் கூடியிருந்த மாரடைப்பு இடர் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மருத்துவர் ஒப்புதலோடு நாளும் அரைமணி நேரம் நடங்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறையுங்கள்; உப்பு குறைந்தால் குருதியழுத்தம் இறங்கும்.

தாய்மார்களே! உங்களுக்கும் ஒன்று. குடியை வெறுக்கச் செய்யும் தூள் என்று எதையேனும் வாங்கிக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். அவற்றில் 'தைசல்பிரம்' என்னும் மருந்து இருக்கக்கூடும். அதை உண்டவர் அறியாமல் குடித்தால் குருதியழுத்தம் வீழ்ந்து, நெஞ்சாங்குலை நின்றும் போகலாம். நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் பார்வையில் உண்ணவேண்டிய மருந்து அது.

மருத்துவரிடம் செல்கையில் எத்தனை ஆண்டு, எவ்வளவு குடித்தோம் என்பதை நாணாமல் சொல்லுங்கள். மறைத்த உண்மைக்கு மருந்தில்லை. நெஞ்சில் பாரம் அழுத்தி, இடத்தோளுக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்வை கொட்டினால் அரைநொடியும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

1937-இல் சேலம் மாவட்டத்தில் குடிவிலக்கைத் தொடங்கிய நாடு இது. 2003 முதல் அரசின் வாணிகக் கழகமே தெருத்தெருவாய்ச் சாராயக்கடை நடத்துகிறது. விற்று ஈட்டும் அரசுக்கு, விட்டவனின் உயிரைக் காக்கும் கடமையும் உண்டு. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிமீட்புப் படுக்கைகள் வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்கவேண்டும்.

அண்ணன் மகளின் திருமணம் பின்னர் நடந்தது. மணப்பந்தலில் தந்தையின் இடத்தில் சிற்றப்பன் நின்றார். அவர் விட்ட குடியை மீண்டும் தொடவேயில்லை. சொன்ன சொல்லைக் காத்தார். அவரைக் காக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரியும். காத்துக்கொள்ளுங்கள்!