பலகாரத்தைக் காட்டுங்கள், பண ரசீதைக் காட்டாதீர்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் முந்திரிக்கொத்து, அச்சப்பம், நேந்திரம் சிப்ஸ் செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறவர்கள் இருக்கிறீர்கள். சேலை, நைட்டி விற்கிறவர்களும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் வியாபாரம் பெருகுகிறது என்று காட்ட, பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பார்சல் கவரின் படத்தையும் ஸ்டேட்டஸில் போடுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் பணம் அனுப்பியவரின் பெயர், தொகை, தேதி, பல நேரம் யுபிஐ முகவரியும் இருக்கும். அந்த முகவரியே சிலருக்குப் போன் நம்பர்தான். கவரில் வீட்டு முகவரி இருக்கும். மோசடிக்காரனுக்கு இவ்வளவு போதும். "அம்மா, வியாழக்கிழமை 2 கிலோ முந்திரிக்கொத்து வாங்கினீர்களே, பணம் இரண்டு தடவை வந்துவிட்டது, திருப்பித் தருகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்பான். சொன்ன விவரமெல்லாம் சரியாக இருப்பதால் அந்த அம்மா நம்புவார். பணம் போவது அவருக்கு. பெயர் கெடுவது உங்களுக்கு.

2017 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் தோனிக்கே இது நடந்தது. அவர் ஆதார் விவரம் புதுப்பித்ததை, பொதுச் சேவை மைய நிறுவனம் தன் ட்விட்டர் பக்கத்தில் பெருமையாகப் போட்டது. கூடவே அவருடைய சொந்த விவரங்கள் இருந்த விண்ணப்பத்தின் படமும் வெளியானது. மனைவி சாக்‌ஷி, அமைச்சர் ரவிசங்கர் பிரசாத்திடம் ட்விட்டரிலேயே முறையிட்டார். பதிவு நீக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மையத்துக்கு ஆதார் ஆணையம் 10 ஆண்டு தடை போட்டது. அமைச்சர் வரை போக எல்லோராலும் முடியுமா?

ஒருவர் கணக்கை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்பது வங்கிக் கவுண்டரில் முதல் பாடம். வாடிக்கையாளர் விவரம் நம்மிடம் உள்ள டெபாசிட் மாதிரி. வீட்டில் இருந்து விற்பவருக்கும் அதே பாடம்தான்.

ஆகவே சில பழக்கங்கள்:

பொருளின் படத்தைப் போடுங்கள். ரசீது, கவர் படங்களைத் தவிருங்கள்.

வியாபாரத்துக்குத் தனி போன் நம்பர், தனி வங்கிக் கணக்கு வையுங்கள். யுபிஐ முகவரியில் போன் நம்பர் வேண்டாம்.

"குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம், 5 நாள் கடை இல்லை" என்று போடாதீர்கள். "5 நாள் ஆர்டர் எடுக்கவில்லை" என்றால் போதும்.

"மொத்த ஆர்டர் தருகிறேன், ஆதார், பான் அனுப்புங்கள்" என்று தெரியாதவர் கேட்டால் அனுப்பாதீர்கள்.

பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. இதை உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இதையும் மீறிப் பணம் போய்விட்டால், யார் என்ன சொல்வார்களோ என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் என்றால், வங்கிக்குச் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு ஏற்படுவது வங்கியுடையது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும், பழைய பதிவுகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அடுத்தவர் பெயரோ நம்பரோ தெரிகிற படங்களை நீக்கிவிடுங்கள். எப்படி நீக்குவது என்று தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.