நீர் சொல்லும் சேதி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



20 ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். தண்ணீரில் மைத்துளி விட்டு விரவுதலை விளக்காத ஆண்டே இல்லை. அந்தப் பாடம் மருத்துவமனையில் எப்படிப் பயன்படுகிறது என்பதை என் அப்பாவின் நோய்தான் எனக்குக் கற்றுத்தந்தது.

அப்பாவுக்கு 72 வயது. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தார். வெட்கப்பட்டு, ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருவழியாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்ததால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். "வீக்கம்னாலே கேன்சர்தானாடா?" என்று அப்பா கேட்டார். அறிவியல் ஆசிரியரான என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய அதன் உட்பகுதி பெருக்கிறது. அது குழாயை நெருக்குவதால் தொல்லை வருகிறது. ஆனால் அது புற்றுநோய் அன்று. புராஸ்டேட் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் சுரப்பியின் வெளிப்பகுதியில் தோன்றுகிறது. குழாயை விட்டு விலகியிருப்பதால் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பி.எஸ்.ஏ. அளவோ இரண்டிலுமே கூடலாம். அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது?

இங்கேதான் நம் பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது. நீர் மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்கள் போன்றவை. 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பினால் அந்த அணுக்கருக்கள் ஆற்றலை ஏற்கின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும் நேரம் திசுவுக்குத் திசு மாறுபடும். எலிகளின் புற்றுக்கட்டிகளில் இந்த நேரம் வேறுபடுவதை ரேமண்ட் டமேடியன் 1971இல் வெளியிட்டார். இந்தச் சமிக்ஞையைப் படமாக்கும் வழியைக் கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

நலமான வெளிப்பகுதியின் சுரப்பிக் குழல்களில் திரவம் நிறைந்திருப்பதால், ஒருவகைப் படத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். புற்றுநோய்ச் செல்கள் நெருக்கமாக அடைந்துகொண்டால் அந்த இடம் கறுக்கும். இன்னொரு வகைப் படம் நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தையே அளக்கிறது. இடைவேளையில் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளையும், மழை நாளில் ஒரே வகுப்பறையில் அடைந்து நகர முடியாமல் நிற்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். செல்கள் நெருங்கிய இடத்தில் நீரின் நிலையும் அப்படித்தான். இவற்றை வைத்துக் கதிரியல் மருத்துவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார். எண் கூடக்கூடச் சந்தேகம் கூடும்.

ஆனாலும் படம் தீர்ப்பு அன்று. சாதாரண அழற்சியும் கறுப்பாகத் தெரியலாம். பிரிட்டனில் 576 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. சுட்டிக்காட்டியது, வழக்கமான ஊசித் திசுப் பரிசோதனை 48 சதவீதத்தையே கண்டது. அதே சமயம், அத்தகைய புற்றுநோய் இல்லாத பலரிடமும் எம்.ஆர்.ஐ. சந்தேகத்தை எழுப்பியது. எனவே முடிவைச் சொல்வது சந்தேகப்பட்ட இடத்தில் எடுக்கும் திசுதான்.

அப்பாவின் படத்தில் உட்பகுதி நன்றாகப் பெருத்திருந்தது. தூக்கத்தைக் கெடுத்த அந்த வீக்கம் சாதாரணமானது. வெளிப்பகுதியில் ஒரு சிறு கரும்புள்ளி; மதிப்பெண் 4. திசுப் பரிசோதனையில் அது தொடக்கநிலைப் புற்றுநோய் என்று உறுதியானது. தொல்லை தந்தது ஒன்று, ஆபத்தானது மற்றொன்று. இப்போது சிகிச்சை பெற்று, காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறார். அவர் கேட்ட கேள்விக்கும் விடை சொல்லிவிட்டேன்.

இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த முறை மைத்துளிச் சோதனை செய்யும்போது, இதே விரவுதல்தான் மருத்துவமனையில் நோயைக் காட்டுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண் ஆசிரியர்களே, சிறுநீர்த் தொல்லை இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். என் அப்பா வீணாக்கிய ஓராண்டை நீங்கள் வீணாக்க வேண்டாம்.