கத்தி வித்தையும் கையடக்கமும்

(பண்பொழியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில், வாலிபர்களை முன்னிட்டுச் செய்த பிரசங்கம்)



என்னைப் பேசுமாறு பணித்த சங்கத்தார், பொருளை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். கல்வியைப் பற்றியோ சிக்கனத்தைப் பற்றியோ பேசுவேனென்று தாங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். யானோ கத்தியைப் பற்றிப் பேசப் போகின்றேன். வேல் தாங்கிய குமரன் கோயில் கொண்ட திருமலையின் அடிவாரத்திலிருந்து ஆயுதத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாததாகாது. கத்தி பிடிக்கும் வித்தையை நம் ஆசான்மார் எம்முறையில் கற்பித்தனர், ஏன் அம்முறையைக் கைக்கொண்டனர் என்பதே பொருள். இதனை இன்று எடுத்துக்கொண்ட காரணம் முடிவில் விளங்கும்.

நம் பக்கம் இரு நாட்டு வித்தைகள் அடுத்தடுத்து வாழ்ந்த பக்கமாகும். மலைக்கு இப்பால் சிலம்பம், அப்பால் களரி. செங்கோட்டைச் சீமையோ திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தையும் சேர்ந்திருந்து, 1956-ஆம் வருடம் நவம்பர் 1-ஆம் தேதியன்றுதான் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மனிதர் போக்குவரவு செய்தனர். மனிதர் போகும் வழியில் வித்தையும் போகாதிராது. தெற்கே குமரிப் பக்கத்தில் அடிமுறையென்றும் வர்ம அடியென்றும் வழங்கும் வித்தைக்கு, நம் பொதிகை மலை அகத்தியரையே ஆதி குருவாகக் கொள்வது அவ்வித்தையாரின் மரபு.

நிற்க. மலையாளத்தின் வடபகுதிக் களரியில் கற்பிக்கும் வரிசையை முதற்கண் பார்ப்போம். களரியென்பது 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக, நிலமட்டத்திற்குக் கீழே தோண்டியமைத்த பயிலிடம். அதில் நுழையும் சிறுவன் கையில் ஆயுதம் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. மெய்த்தாரி என்னும் தேகப் பயிற்சியே முதற்படி. எண்ணெய் பூசிக்கொண்டு, குருக்கள் வாயாற் சொல்லும் வாய்த்தாரிக்கு இணங்கக் குனிந்தும் நிமிர்ந்தும் தாவியும் சுழன்றும் உடம்பை வசமாக்க வேண்டும். அது கைவந்த பின்னரே கோல்தாரி. அதிலே முதலில் ஆளுயரத்திற்குச் சற்றுக் குறைந்த நெடுங்கழி. அடுத்து மூன்று சாண் நீளமுள்ள சிறுவடி. அதற்கும் அடுத்து, யானைக் கொம்புபோல் வளைந்த ஒற்றை என்னும் மரக்கோல். இவற்றையெல்லாம் கடந்தவனுக்கே அங்கத்தாரி என்னும் உலோக ஆயுதப் பயிற்சி. அதில்தான் கட்டாரம் என்னும் குறுங்கத்தி மாணாக்கன் கைக்கு வருகின்றது. வெறுங்கையால் ஆயுதத்தை எதிர்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

தென்பகுதி முறையோ இதற்கு மாறாக வெறுங்கையிலேயே தொடங்குகின்றது. காலடிச் சுவடுகள், தடுப்பு, பூட்டு, பூட்டை அவிழ்க்கும் பிரிவு ஆகியன முதலில், பிறகு தடி, பிறகே கத்தி. இவ்விரு முறைகளும் பலவற்றில் மாறுபடினும் ஒன்றில் ஒத்து நிற்கின்றன. கத்தி முதற்பாடமாக எங்கும் வைக்கப்படவில்லை.

இதற்குக் காரணம் என்ன? நெடுங்கழி பிடித்த இருவருக்கிடையே கழியின் நீளம் காவலாக நிற்கின்றது. பிழை செய்தவனுக்கு வீக்கம் உண்டாகும். பிழையைத் திருத்த நாளும் உண்டாகும். சிறுவடிக்கு வந்தால் அக்காவல் பாதியாகின்றது. கத்திக்கு வந்தாலோ காவலே இல்லை. என் கத்தி எதிரியை எட்டுமாயின் எதிரியின் கத்தியும் என்னை எட்டும். ஆகவே ஆசான்மார் நெடியதிலிருந்து குறியதற்கு, படிப்படியாக மாணாக்கனை இறக்கினர். ஒவ்வொரு படியிலும் எதிரி ஒரு முழம் அருகில் வருகின்றான். அச்சமும் ஒரு முழம் அருகில் வருகின்றது. அவ்வச்சத்தை அளவறிந்து உண்டு செரித்தவனே கண் கலங்காமல் நிற்பான்.

இஃதன்றியும், ஆயுதத்தின் வடிவமும் பயிற்சியின் போக்கை நிர்ணயிக்கும். மலையாளத்துக் கட்டாரம் சாதாரணக் கைப்பிடியுள்ள இருமுனைக் கத்தி. தமிழ்நாட்டுக் கட்டாரியோ அவ்வாறன்று. இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குப் பிடி வைத்து, மூடிய முட்டியின் நீட்சிபோலவே அலகு அமைந்தது. சென்னை எழும்பூர் அரசாங்கக் காட்சிசாலைக்குச் செல்வோர், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைச் சேர்ந்த கட்டாரிகளை அங்கே காணலாம். மணிக்கட்டு நேராகவும், பலம் தோளிலிருந்தும் காலிலிருந்தும் வருவதாகவும் இருந்தாலன்றி அதனைக் கையாள இயலாது. எனவே கத்தி வித்தையில் பாதி கால் வித்தையே என்பது வெள்ளிடைமலை.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். சிறு வயதில் யானும் ஓர் ஆசானிடம் சில வருடம் சிலம்பம் பயின்றேன். கத்தி எப்பொழுது தருவீர்கள் என்று நாங்கள் ஓயாமல் நச்சரிப்போம். ஒரு நாள் அவர் இரண்டு மரக்கத்திகளைச் செய்து, விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்து அவற்றின் ஓரங்களிற் பூசி, என்னிடம் ஒன்றும் என் தோழனிடம் ஒன்றும் கொடுத்தார். வெள்ளைப் பனியன் அணிந்து வரச் சொல்லியிருந்தார். “உங்கள் இஷ்டம் போல் சண்டையிடுங்கள்” என்றார். பத்து எண்ணுவதற்குள் நிறுத்தச் சொன்னார். யான் வென்றேனென்று மார்தட்டினேன். தோழன் தான் வென்றதாகச் சாதித்தான். ஆசான் எங்களை அருகழைத்துக் கோடுகளை எண்ணினார். என் மேனியில் ஏழு. அவன் மேனியில் ஒன்பது. என் கழுத்தில் ஒன்று. அவன் வயிற்றில் இரண்டு. “இதில் ஜெயித்தவன் யார்? ஜெயித்தவன் வீட்டிலும் இன்று இழவுதான்” என்றார். அன்று முதல் கத்தி கேட்பதை விட்டுத் தடுப்பைக் கேட்டோம்.

பின்பு அவர் கற்பித்த பாடத்தின் வரிசையும் அதற்கேற்பவே இருந்தது. முதற்பாடம் விலகுதல். இரண்டாவது, எதிரியின் ஆயுதத்தைப் பாராமல் அதனைத் தாங்கிய கையின் போக்கைப் பார்த்தல். மூன்றாவது, அக்கையைத் தடுத்துப் பூட்டுதல். ஓட இடமிருக்கையில் நின்று பொருதவனுக்குப் பாராட்டுக் கிடையாது, தோப்புக்கரணமே கிடைக்கும்.

வர்மம் பயின்றோர் இதனை இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றனர். உடம்பில் 108 வர்மத் தானங்கள் உண்டென்றும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் அவர்கள் வகுப்பர். அடிபட்டு விழுந்தவனை எழுப்பும் அடங்கல் முறைகளையும் இளக்கு முறைகளையும் அதே ஆசான் கற்பித்தார். சண்டை வித்தையும் வைத்தியமும் ஒரே திண்ணையிற் பயின்றவை. காயத்தைக் கட்டிப் பழகிய கை, காயத்தை உண்டாக்கக் கூசும்.

பிற தேசங்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். இத்தாலி தேசத்தில் பியோரே என்னும் ஆசான் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர் நூலில் மற்போரை முன்வைத்து, அதன்பின்னரே குறுவாளை வைக்கின்றார். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் நிறுவிய ஜூடோப் பள்ளியில், கத்திக் குத்தைத் தடுக்கும் முறைகள் வரையறுத்த பாடமாகவே பயிலப்படுகின்றன. 2009-இல் சட்டத்தால் தேசிய வித்தையாக ஆர்னிஸை ஏற்ற பிலிப்பைன் தீவினர், பிரம்பைக் கொண்டே கத்தியின் வழிகளைப் பழகுகின்றனர்.

நம் நாட்டில் இம்முறைக்கு நேர்ந்தது யாது? பாளையக்காரர் போர் ஓய்ந்த 1801-ஆம் வருடம் டிசம்பரில், கும்பினி அரசாங்கத்தின் கவர்னர் எட்வர்டு கிளைவ், தென்சீமையில் ஆயுதம் தாங்குதல் கூடாதென்று பிரகடனம் செய்தார். சுதந்திர இந்தியாவிலும் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் உண்டு. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் அமைந்தவை நீங்கலாக, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டதோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றதோ ஆன கத்தி, அதன் விதிகளின்படி ஆயுதமாகும். சட்டம் தேவையே. ஆனால் அரிவாள் வயலிலும் அடுப்படியிலும் இருந்துகொண்டேயிருக்கின்றது. கத்தி ஒழியவில்லை, கத்தியை அடக்கும் பயிற்சியே அருகிற்று.

என்னோடு பயின்றவருள் ஒருவர், கோல் பிடிப்பது குழந்தை விளையாட்டென்று மூன்றே மாதத்தில் நின்றுவிட்டார். பின்னொரு காலத்தில் வாய்க்கால் தண்ணீர் பற்றிய தகராறில் அரிவாளை எடுத்தார். ஒருவர் இடுகாடு சென்றார். ஒருவர் சிறை சென்றார். வெட்டினவரும் நம்மவர், வெட்டுண்டவரும் நம்மவர். அவ்விரு வீட்டுத் தாய்மாரும் ஒரே தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாழ்ந்து முடிந்தனர்.

அம்மட்டோ! 2023-ஆம் வருடம் ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டுண்டனர். வெட்டினோர் உடன் பயின்ற மாணாக்கர். காரணம் ஜாதித் துவேஷம். அதன்பேரில் அரசாங்கம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணாக்கர் கையில் ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகள் கூடாதென்றும் அதிற் கூறப்பட்டது. அது பிற ஜாதியார் செயல், நமக்கென்ன என்று இச்சபையில் ஒருவரும் சொல்லமாட்டார் என நம்புகின்றேன். ஜாதியின் பெயரால் கூடிய நமக்கே அதனைப் பேசும் கடமை முதலில் உண்டு. நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறு இல்லையா? நம் வீட்டு விசேஷச் சுவரொட்டிகளில் அரிவாள் படம் இல்லையா? ஓட ஓட வெட்டுவதை வீரமென்று அவர்களுக்குக் கற்பித்தது யார்? எந்த ஆசானும் கற்பிக்கவில்லை.

ஆகையால் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. வித்தைக்கு மதிப்புப் பிறந்திருக்கும் இச்சமயத்தில், நம் சங்கக் கட்டிடத்தின் பின்புறக் காலியிடத்தில் ஒரு பயிலிடம் அமைப்போம். தகுந்த ஆசானுக்குச் சம்பளம் கொடுப்போம். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் பயிலட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வருகின்ற பிள்ளையின் ஜாதியை அங்கே ஒருவரும் கேட்கலாகாது. ஒருவன் கையைப் பூட்டி, அவன் வலியறிந்து, மறுகணம் அவனுக்கே எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட பிள்ளை, அவன் வீட்டுக் கதவை இரவில் உடைக்கப் போகமாட்டான்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சில கழிகள், இரண்டு மரக்கத்திகள், கொஞ்சம் விளக்குக் கரி, சில வெள்ளைப் பனியன்கள் போதும். கோடுகளை எண்ணிக் காட்ட ஓர் ஆசான் வேண்டும். பனியனில் விழுந்த கோட்டைத் தாய்மார் சோப்புப் போட்டுத் துவைத்துவிடலாம். மேனியில் விழுந்த கோட்டைத் துவைக்க ஒருவராலும் ஆகாது.