சர்வஜனம் என்றால் யார்?

(பீளமேட்டில் கூடிய ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதென்றால் சாதாரணமாய் என்ன பேசுவது வழக்கம்? ஸ்தாபகர் பெருமை, கட்டடப் பெருமை, பாஸ் செய்த பையன்கள் கணக்கு, கடைசியில் ஒரு கடவுள் வாழ்த்து. இவற்றைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்த வேலை வேண்டியதில்லை. நாம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையில் உள்ள ஒரே ஒரு வார்த்தையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு அர்த்தம் என்ன என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறோம். "சர்வஜன" என்பதுதான் அந்த வார்த்தை.

பீளமேடு சர்வஜன உயர்தரப் பாடசாலை 1924-ல் ஏற்பட்டது. நூறு வயது தாண்டிவிட்டது. அதற்கு முன்பும் நமது ஜில்லாவில் பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. 1830-ஐ ஒட்டி லண்டன் மிஷன்காரர்கள் கோயமுத்தூருக்கு வந்து பள்ளி வைத்தார்கள். 1852-ல் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்று ஏற்பட்டு, அதுவே பின்னால் காலேஜாயிற்று. 1862-ல் ஸ்டேன்ஸ் துரை வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்காக ஒன்று வைத்தார். கோபிசெட்டிபாளையத்தில் 1898-ல் ஒரு உயர்தரப் பள்ளி ஏற்பட்டது. அதற்கு வைரவிழாப் பள்ளி என்று பெயர். யாருடைய வைரவிழா? விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆன வைரவிழா! கோபியில் கரும்பும் நெல்லும் விளைவித்தவன் பணம், பெயர் லண்டன் ராணியுடையது. அப்படி ராணிக்கும் துரைக்கும் மடத்துக்கும் சாமிக்கும் பெயர் வைத்துக் கொண்டிருந்த காலத்தில், "சகல ஜனங்களுக்கும்" என்று ஒரு பள்ளிக்குப் பெயர் வைத்தார்களே, அதை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

அந்த 1924-ம் வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பதைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த வருஷந்தான் வைக்கத்தில், கோயிலுக்குள் நுழைவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் ஜெயிலுக்குப் போனார். அந்த வருஷந்தான் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல், பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாம் ஆதிதிராவிடர்க்கும் உரியவை என்று சர்க்கார் உத்தரவு போட வேண்டியிருந்தது. நமது கோயமுத்தூரைச் சேர்ந்த ஆர். வீரையனும் அந்தச் சபையில் இதே காரியத்துக்காக ஓயாமல் வாதாடியவர். தெருவில் நடக்க உத்தரவு! கிணற்றில் தண்ணீர் எடுக்க உத்தரவு! உலகத்தில் வேறு எந்தத் தேசத்திலாவது மனிதன் தன் சொந்த ஊர்த் தெருவில் நடக்கலாம் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுண்டா?

அதே காலத்தில் சேரன்மாதேவியில் என்ன நடந்தது? தேசபக்தர்களின் குருகுலம், காங்கிரஸ் பணம், பொதுஜனப் பணம். ஆனால் சாப்பாட்டு இலை மாத்திரம் தனித்தனி. பார்ப்பனப் பையன்களுக்கு ஒரு இடம், மற்ற பையன்களுக்கு வேறு இடம். பணத்தில் ஜாதி பார்க்காதவர்கள் பந்தியில் ஜாதி பார்த்தார்கள். இதன்மேல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய கிளர்ச்சிதான், 1925 மே 2-ல் ஈரோட்டில் 'குடி அரசு' தோன்றியதற்கும், அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கும் முன்நடந்த கதை. ஆகவே, ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துக்குள் பந்தியைப் பிரித்த அதே காலத்தில், இன்னொரு பக்கம் பீளமேட்டில் "சர்வஜன" என்று பலகை மாட்டப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பலகையின் யோக்கியதை விளங்கும்.

இந்தப் பள்ளியை ஆதரித்த குடும்பத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் நான்கு பிள்ளைகள் 1926-ல் சொத்தைப் பாகம் பிரித்தபோது நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அந்தப் பங்கு 2,01,000 ரூபாய். அதிலிருந்துதான் பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டு, தொழிற்சாலைப் பள்ளியும், 1947-ல் கலைக் கல்லூரியும், 1951-ல் பொறியியல் கல்லூரியும் வந்தன. நாம் பணக்காரர்களைப் புகழ்வதைத் தொழிலாக வைத்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணமும் பஞ்சு வேளாண்மையிலும் மில்லிலும் உழைத்தவர்களின் வேர்வையில் வந்ததுதான். ஆனாலும் தர்மம் என்றவுடன் கோபுரத்துக்குக் கலசம் வைப்பதும், தேருக்கு வடம் வாங்குவதும், பிராமண போஜனம் செய்விப்பதுமே வழக்கமாயிருந்த நாட்டில், அந்தப் பங்கு கல்விக்கும் பட்டறைக்கும் போனது என்றால் அது சாமானிய காரியம் அல்ல. இன்றைக்கும் கும்பாபிஷேக நோட்டீசுடன் ரசீதுப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இந்த ஐந்தாம் பங்கின் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.

நிற்க. பலகையில் "சர்வஜன" என்று எழுதினால் சர்வஜனமும் வந்துவிடுவார்களா? அந்தக் காலத்தில் உயர்தரப் பள்ளி என்றால் நான்காவது பாரம், ஐந்தாவது பாரம், ஆறாவது பாரம், கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. ஒவ்வொரு பாரத்துக்கும் சம்பளம் கட்டவேண்டும். 1921-ம் வருஷக் கணக்குப்படி நமது மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். பண்ணையாளின் பையன் ஆறாவது பாரம் வரைக்கும் வருவது எப்படி? விடிவதற்கு முன்னே கவலை ஓட்டவேண்டும். விடிந்தால் மாடு மேய்க்கவேண்டும். கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது உண்மை. கதவுவரைக்கும் நடந்துவரக் காலை யார் விட்டார்கள்?

அந்தக் கவலையைப் பற்றியே கொஞ்சம் பேசுவோம். இங்கே வயதானவர்கள் பலர் கவலை ஓட்டியிருப்பீர்கள். கிணற்றுக்குள் தோல் சாலை இறக்கி, இரண்டு மாட்டைக் கட்டி, பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து தண்ணீர் இறைத்த நாடு இது. அந்தச் சாலுக்குத் தோல் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியத் தோழர்கள். அந்தத் தோல் சாலில் வந்த தண்ணீரில் பயிர் விளைந்தது, அந்தப் பயிரை எல்லோரும் தின்றார்கள். தைத்தவன் மாத்திரம் அந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது! பிறகு பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. 1937-ல் இதே பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார்கள். கிணற்றுக்குக் கிணறு பம்பு செட்டு வந்தது. கவலை போயிற்று, தோல் சாலும் போயிற்று. இது நல்லதா கெட்டதா என்று யாரும் சாஸ்திரத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. தோல் சால் தைத்தவனுடைய பேரன் என்ன படிக்க வேண்டும்? சால் தைக்கவா, மோட்டாருக்குக் கம்பி சுற்றவா?

இதற்கு 1953-ல் சென்னை மாகாண முதல் மந்திரி ராஜகோபாலாச்சாரியார் ஒரு பதில் சொன்னார். கிராமத்துப் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் மாத்திரம் பள்ளியில் படித்தால் போதும், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் திட்டம். வண்ணான் மகன் வெளுக்க, அம்பட்டன் மகன் சிரைக்க, சக்கிலியன் மகன் செருப்புத் தைக்க! இந்தப் பெயர்களை நாம் இழிவுக்காகச் சொல்லவில்லை; அந்தத் திட்டம் அந்தப் பிள்ளைகளை எந்தப் பெயரால் பார்த்தது என்பதைக் காட்டவே சொல்லுகிறோம். குலக்கல்வி என்று நாம் அதற்குப் பெயர் வைத்தோம். நாடு முழுவதும் கிளர்ச்சி நடந்தது. 1954-ல் ஆச்சாரியார் பதவியை விட்டார்; காமராசர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார், 1960-களில் உயர்தரப் பள்ளி வரைக்கும் சம்பளமில்லாப் படிப்பு ஆயிற்று. பலகையில் 1924-ல் எழுதிய வார்த்தைக்கு அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

"கைத்தொழில் கற்றுக்கொடுப்பதை நீங்கள் எதிர்க்கிறீர்களே, கைத்தொழில் கேவலமா?" என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். கேவலமென்று யார் சொன்னது? இந்தப் பீளமேட்டையே பாருங்கள். இங்கே பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே தொழிற்சாலைப் பள்ளி வந்தது. லேத்துப் பிடிக்கவும், வார்ப்பட வேலை செய்யவும், மோட்டார் கட்டவும் பிள்ளைகள் கற்றார்கள். லேத்து எந்த ஜாதிக்குக் குலத்தொழில்? மனு எந்த வருணத்துக்கு மோட்டார் கம்பி சுற்றுவதை ஒதுக்கிவைத்தார்? யாருக்கும் இல்லை, ஆகையினால் எல்லோருக்கும் ஆயிற்று. கோயமுத்தூர் பம்பும் மோட்டாரும் ஊர் ஊராய்ப் போவதற்கு அதுவே காரணம். கைத்தொழில் கல்வி பிள்ளையைப் பார்த்து "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்கிறது. குலத்தொழில் கல்வி "உன் அப்பன் யார்?" என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றா?

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 17-ல், அதாவது பெரியார் பிறந்த நாளாகவே பார்த்து, மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பதினெட்டு வகைப் பரம்பரைத் தொழில்கள், குரு சிஷ்ய பரம்பரை, பதினெட்டு வயதானால் கடன். காலேஜில் சேரவேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன்! தமிழ்நாட்டு சர்க்கார், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, வயதை முப்பத்தைந்து ஆக்கு என்று கேட்டது. கேட்டது கிடைக்காததால் 2024-ல் அந்தத் திட்டம் வேண்டாமென்று சொல்லி, ஜாதி பாராத கைவினைத் திட்டத்தைத் தனியாக ஏற்படுத்தியது. எழுபது வருஷத்துக்கு முன்பு வாசல் வழியாக விரட்டியதைச் சன்னல் வழியாக விடுவதற்கு நாம் என்ன தூங்குகிறோமா?

ஆனால் தோழர்களே, வெளியிலிருந்து வருவதை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது நமக்கு அழகல்ல. நம் வீட்டுக் குப்பையையும் பார்ப்போம். 2018-ல் இதே கொங்கு நாட்டில், அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்து சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் என்ன நடந்தது? சத்துணவு சமைக்க ஒரு அருந்ததிய அம்மையார் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர்கள் கூடிப் பள்ளிக்கூடத்தின்முன் நின்றார்கள். அதிகாரிகள் அந்த அம்மையாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இயக்கங்கள் கிளர்ச்சி செய்த பிறகு அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. சேரன்மாதேவியில் பந்தியைப் பிரித்தது பார்ப்பனர் என்று தொண்ணூறு வருஷமாய்ச் சொல்லி வந்தோமே, இங்கே பானையைப் பிரித்தவர்கள் யார்? நாம்தான். "நாங்கள் சூத்திரரல்ல" என்று மீசையை முறுக்குகிற நாம்தான். இதே கொங்கு நாட்டில் கோபியில் லட்சுமணய்யர் என்று ஒருவர் இருந்தார். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார், நகரசபைத் தலைவராயிருந்து மனித மலத்தை மனிதன் அள்ளுவதை ஒழித்தார். நாம் எதிர்ப்பது பிறவியை அல்ல, பிறவியால் உயர்வு தாழ்வு என்கிற புத்தியை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொரு குப்பை. படித்த ஜில்லா என்று பெயர் வாங்கிய ஊர் இது. 2021-ல் கொள்ளைநோய் வந்தபோது இருகூர்ப் பக்கம் ஒரு மடத்தில் கொரோனா தேவி என்று கருங்கல்லில் சிலை வைத்துப் பூஜை செய்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மன் கோயில் கட்டியவர்களுக்காவது கிருமி என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் வழி இல்லை. இவர்களுக்கு என்ன சமாதானம்? அந்தத் தேவியிடம் போனவர்களும் ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். தேவிமேல் அவ்வளவுதான் நம்பிக்கை!

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. தாய்மார்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நமது ஜில்லாவிலும் திருப்பூர்ப் பக்கமும் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று நடந்தது தெரியுமல்லவா? பள்ளி விட்ட பெண்ணை மூன்று வருஷம் மில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாய் ஒரு தொகை. பெயரைப் பாருங்கள்! அந்தப் பெண் தொழிலாளியுமல்ல, மாணவியுமல்ல; தாலிக்குக் காத்திருக்கிற சுமங்கலி. வரதட்சணை கொடுக்கவேண்டும் என்பதற்காகப் பெண்ணின் படிப்பை அறுத்து, அந்தப் பணத்தை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அவளே நூல் நூற்கவேண்டும். பத்தாவதோடு நின்ற பெண்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்?

அதைத்தான் நீங்கள் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் இப்போது பள்ளி மேலாண்மைக் குழு என்று இருக்கிறது. அதில் பெற்றோர்களுக்கு இடமுண்டு. போய் உட்காருங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டு வராமல், போன வருஷம் நின்றுபோன பிள்ளைகள் யார், எந்தத் தெருப் பிள்ளைகள், ஏன் நின்றார்கள், கக்கூசைக் கழுவச் சொல்லி யாரை அனுப்புகிறார்கள், கையில் ஜாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவன் யார் என்று கேளுங்கள். நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் கயிறும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை எடுத்துவிடவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது, கடைசிப் பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் இருப்பதாகத் தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாம் சொன்னதில் ஆக்ஷேபணை உள்ளவர்கள் தாராளமாய்க் கேட்கலாம். கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், பெயர் போடவேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவோம்.